அலுவலகக் கணிப்பொறிகளில் புதிய இயங்குதளம்: மாற்றுவதா, காத்திருப்பதா?

(அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் கட்டுரை வடிவம்)

அரசு அலுவலகங்களில் தட்டெழுத்துப் பொறி ஆட்சி செய்த காலத்தில், ஒரு பொறியின் ஆயுளை அதன் தேய்மானமே தீர்மானித்தது. நாடா உலர்ந்தால் புதிது போட்டார்கள். எழுத்துக் கட்டை தேய்ந்தால் மாற்றினார்கள். உருளை பழுதுபட்டால் செப்பனிட்டார்கள். நன்கு பேணப்பட்ட பொறி இருபது, முப்பது ஆண்டுகள்கூட உழைத்தது. "குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு இப்பொறியில் தட்டெழுதுவது பாதுகாப்பானதன்று" என்று அதைத் தயாரித்த நிறுவனம் அறிவித்ததில்லை.

கணிப்பொறியின் நிலை வேறு. அதன் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, அதன் உறுப்புக்களின் தேய்மானம். மற்றொன்று, அதை இயக்கும் இயங்குதள மென்பொருளுக்கு அதன் தயாரிப்பாளர் குறித்து வைத்திருக்கும் நாள். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அன்று மாலை வரை ஓடிய கணிப்பொறிகள் மறுநாள் காலையிலும் ஓடின. திரையில் எந்த மாறுதலும் தெரியவில்லை. ஆனால் அவற்றின் பாதுகாப்பு நிலை மாறிவிட்டது.

இந்த மாறுதல் கண்ணுக்குத் தெரியாதது என்பதே சிக்கலின் வேர். "ஓடுகிற பொறியை ஏன் மாற்ற வேண்டும்? அரசுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டாமா?" என்று அலுவலகத்தில் ஒரு சாரார் கேட்கின்றனர். "புதியது வந்துவிட்டது, எல்லாப் பொறிகளையும் ஒரே உத்தரவில் மாற்றிவிடலாம்" என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். முதல் சாரார் சிக்கனத்தின் பெயராலும், இரண்டாம் சாரார் முன்னேற்றத்தின் பெயராலும் பேசுகின்றனர். இரு கருத்துக்களிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இரண்டுமே முழுமையான கணக்கின் மீது அமைந்தவை அல்ல. அந்தக் கணக்கை எவ்வாறு போடுவது என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

ஆதரவு முடிவு என்பதன் பொருள்

இயங்குதளம் என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல்களின் தொகுப்பு. அதில் பிழைகள் இருந்தே தீரும். அப்பிழைகளுட் சில, அயலார் உள்ளே நுழைவதற்கு ஏற்ற ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. அவை கண்டறியப்படும்போதெல்லாம் தயாரிப்பு நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் அனுப்பி அடைக்கிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்றால் இத்திருத்தங்கள் நின்றுவிட்டன என்று பொருள். ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது மட்டும் நிற்பதில்லை.

இதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய இயங்குதளத்துக்கும் புதியதற்கும் பொதுவான நிரற்பகுதிகள் பல. புதியதில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டு அதன் விவரம் வெளியாகும்போது, அதே ஓட்டை பழையதில் அடைபடாமல் கிடக்கிறது என்பதும் தீயோருக்குத் தெரியவருகிறது. எனவே ஆதரவிழந்த பொறியின் இடர்ப்பாடு நிலையானதன்று. நாள் செல்லச் செல்ல அது கூடிக்கொண்டே போகிறது.

மிச்சம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்று ஒரு கருத்து உண்டு. ஒருவர் எடுக்கும் முடிவின் பயனை அவரே பெற, அதன் செலவு பிறர் தலையில் விழுவதை அது குறிக்கிறது. ஆலையின் புகை அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. ஆதரவிழந்த கணிப்பொறியும் அத்தகையதே. அதை மாற்றாமல் விட்டதால் ஏற்படும் மிச்சம் அந்த அலுவலகத்தின் கணக்கில் சேருகிறது. அதன் வழியாக ஊறு நேருமானால் நட்டம் வலைப்பின்னலில் இணைந்த பிற அலுவலகங்களுக்கும், அங்குத் தம் பதிவுகளை ஒப்படைத்துள்ள பொதுமக்களுக்கும் போய்ச் சேருகிறது.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதற்குக் கண்கூடான சான்று. 2017 மே 12 அன்று 'வன்னாக்ரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பிணைத்தொகை கேட்கும் வகையைச் சேர்ந்தது அது. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து வந்தவர்கள் திரும்பிச் செல்ல நேர்ந்தது. அவர்களில் எவரும் எந்த இயங்குதளத்தை வைத்திருப்பது என்ற முடிவில் பங்கு பெற்றவரல்லர்.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பொறிகளில் பெரும்பாலானவை மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி பொறிகள் என்று அப்போது பலர் எண்ணினர். உண்மையில் பெரும்பாலானவை, அன்று ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 பொறிகளே. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் வெளிவந்துவிட்டது. அது அப்பொறிகளில் நிறுவப்படவில்லை. ஆகவே, ஆதரவுள்ள இயங்குதளம் என்பது பாதுகாப்புக்கு அடிப்படைத் தேவை. ஆனால் அதுவே போதுமானதன்று. புதியதை வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விடும் அலுவலகம், பழையதை வைத்திருக்கும் அலுவலகத்தைவிடச் சிறந்த நிலையில் இருப்பதாகக் கூற முடியாது.

நமது நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 2022 நவம்பரில் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணிப்பொறி அமைப்பு தாக்கப்பட்டபோது, புறநோயாளிகள் பதிவு முதல் ஆய்வகப் பணிகள் வரை பல நாட்கள் கையாலேயே எழுதி நடத்தப்பட்டன. வலைப்பின்னல் முறையாகப் பகுதி பகுதியாகப் பிரித்து அமைக்கப்படாதது இதற்குக் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இயங்குதளம் ஒரு கதவு. வீட்டுக்கு வேறு கதவுகளும் உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏ.டி.எம். பொறிகள் காட்டிய வழி

காலம் கடந்த இயங்குதளத்தை எவ்வாறு ஒழுங்காக மாற்றுவது என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதன் பின்னரும் வங்கிகளின் ஏ.டி.எம். பொறிகள் பல அதிலும், ஆதரவிழந்த பிற இயங்குதளங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இது குறித்து வங்கிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. முன்னேற்றம் மந்தமாக இருந்ததால், 2018 ஜூன் 21 அன்று ஒரு கால அட்டவணையுடன் சுற்றறிக்கை வெளியிட்டது.

அந்த அட்டவணையின் அமைப்பு கூர்ந்து கவனிக்கத்தக்கது. 2018 ஆகஸ்ட் மாதத்துக்குள் செய்ய வேண்டியவை அனைத்தும் பெருஞ்செலவு இல்லாத பணிகள்: பொறியின் அடிப்படை அமைப்புக்குக் கடவுச்சொல் இடுதல், யு.எஸ்.பி. துளைகளை முடக்குதல், செருகிய சாதனம் தானே இயங்கும் வசதியை நீக்குதல், கிடைக்கும் திருத்தங்களை நிறுவுதல் ஆகியவை. இயங்குதளத்தை மாற்றும் பெரும்பணிக்குப் படிப்படியான இலக்குகள் வைக்கப்பட்டன: செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் 100 சதவீதம்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பொறியை மாற்றும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. செலவில்லாத காப்புக்களை உடனே செய்யலாம். இரண்டாவது, பெரும்பணியைக் காலாண்டுகளாகப் பகுத்தால் கண்காணிக்க முடியும். மூன்றாவது, நாள் குறிக்காத எச்சரிக்கை கோப்பிலேயே உறங்கிவிடும். ஆதரவு முடிந்த நாளுக்கும் மாற்றம் நிறைவுபெற வேண்டிய நாளுக்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதையும் மறந்துவிடலாகாது.

இம்முறை புதிதாக எழுந்துள்ள தடை

முந்தைய மாற்றங்களில் பழைய கணிப்பொறியிலேயே புதிய இயங்குதளத்தை நிறுவுவது பெரும்பாலும் இயன்றது. 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11 இந்த வழக்கத்தை மாற்றியது. 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் அதற்குப் போதும். இவை அரிய தேவைகள் அல்ல. ஆனால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் வேண்டும் என்பது நிபந்தனை. இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை, 2017-இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையுமே பெரும்பாலும் தகுதி பெறுகின்றன.

இதன் விளைவாக ஒரே அறையில், ஒரே பணியைச் செய்யும் இரு பொறிகளில் ஒன்று தகுதியுடையதாகவும் மற்றொன்று தகுதியற்றதாகவும் ஆகிவிட்டது. நிபந்தனைகளை ஏமாற்றி நிறுவும் குறுக்கு வழிகளைச் சில தொழில்நுட்ப உதவியாளர்கள் அறிந்து வைத்துள்ளனர். அவ்வாறு நிறுவப்பட்ட பொறிகளுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்னும் உறுதியைத் தயாரிப்பாளர் அளிப்பதில்லை. திருத்தங்களைப் பெறுவதற்காகவே மாற்றம் செய்யும்போது, திருத்தங்களுக்கு உறுதியில்லாத வழியைத் தேர்வது பொருளற்றது. அரசு அலுவலகத்துக்கு அது உகந்ததன்று.

கணக்கு என்ன சொல்கிறது?

பழைய பொறியையே சில காலம் வைத்திருக்க விரும்பும் நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தொடர்ந்து அளிக்கும் திட்டமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 2028 அக்டோபர் வரை, இது கிடைக்கும். அறிவிக்கப்பட்ட விலை பொறி ஒன்றுக்கு முதல் ஆண்டில் 61 டாலர். இரண்டாம் ஆண்டில் அது 122 டாலராகவும், மூன்றாம் ஆண்டில் 244 டாலராகவும் இரட்டிக்கிறது. இரண்டாம் ஆண்டில் சேருவோர் முதல் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தே செலுத்த வேண்டும். மொத்தமாக ஒப்பந்தம் செய்யும்போது விலை வேறுபடலாம். எனினும் கணக்கின் போக்கை இவ்விலைகளே காட்டிவிடும்.

எளிமைக்காக ஒரு டாலர் 90 ரூபாய் என்று கொள்வோம். அப்போது இக்கட்டணம் முதல் ஆண்டில் 5,490 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 10,980 ரூபாய், மூன்றாம் ஆண்டில் 21,960 ரூபாய், ஆக மொத்தம் 38,430 ரூபாய். மறுபுறம், புதிய மேசைக் கணிப்பொறி ஒன்றின் விலை 50,000 ரூபாய் என்றும், அது ஆறு ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு சுமார் 8,333 ரூபாய். முடங்கும் முதலுக்கு 7 சதவீதம் வட்டி சேர்த்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 10,490 ரூபாய்தான் ஆகும்.

இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. முதல் ஆண்டில் காத்திருப்பது இலாபமே. 5,490 ரூபாய் செலவில் 10,490 ரூபாய் செலவைத் தள்ளிப்போட முடிகிறது. இரண்டாம் ஆண்டில் இந்த இலாபம் மறைந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் காத்திருப்பது, புதிய பொறியை வைத்திருப்பதைப் போல் இரு மடங்குக்கு மேல் செலவு பிடிக்கிறது. ஆகவே கட்டணத் திட்டத்தை ஓராண்டுக் கால அவகாசமாகப் பயன்படுத்துவது விவேகம். அதையே நிலையான ஏற்பாடாகக் கொள்வது வீண் செலவாகும்.

இக்கணக்கில் சேர்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. "இப்பொறிக்கு அப்போதே 45,000 ரூபாய் கொடுத்தோமே" என்னும் வாதம் அடிக்கடி எழுகிறது. செலவழிந்த பணம் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பப் போவதில்லை. இனிச் செலவாகப் போவதும், இனிக் கிடைக்கப் போவதும் மட்டுமே முடிவுக்கு அடிப்படையாக வேண்டும். மேசைக் கணிப்பொறி போன்ற சாதனங்களுக்கு 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் மூன்று ஆண்டுகளையே பயன்பாட்டுக் காலமாகக் குறிக்கிறது. அலுவலகங்களில் அதைவிட நெடுங்காலம் உழைத்த பொறிகள் தம் விலைக்கு மேலாகவே பயன் தந்துவிட்டன எனலாம்.

எல்லாப் பொறிகளும் ஒன்றல்ல

அடுத்து, கணக்கை ஒரு பொறியிலிருந்து ஓர் அலுவலகத்துக்கு விரிக்க வேண்டும். 200 கணிப்பொறிகள் உள்ள ஓர் அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இருப்புப் பதிவேட்டில் அவை ஒரே இனமாகப் பதிவாகியிருக்கும். ஆனால் வாங்கிய ஆண்டையும் செய்யும் பணியையும் கொண்டு பிரித்தால் நான்கு பிரிவுகள் தென்படும்.

முதற்பிரிவில், தகுதியுள்ள பொறிகள் 90 இருப்பதாகக் கொள்வோம். முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறத் தனிக் கட்டணம் இல்லை. இவற்றை மாற்றாமல் வைத்திருப்பதற்கு எந்தச் சிக்கன வாதமும் பொருந்தாது. இரண்டாம் பிரிவில், தகுதியில்லாவிட்டாலும் உலாவி வழியாகவே பணி செய்யும் பொறிகள் 60. மின்-அலுவலகக் கோப்புக்களைப் பார்ப்பது, கடிதம் தயாரிப்பது, இணையதளத்தில் விவரம் பதிவது ஆகியவை இவற்றின் பணிகள். மூன்றாம் பிரிவில், விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளையோ சாதனத்தையோ சார்ந்த தகுதியற்ற பொறிகள் 35. நான்காம் பிரிவில், பழுதுற்றும் பணியின்றியும் மூலையில் கிடக்கும் பொறிகள் 15.

தகுதியற்ற 110 பொறிகளையும் ஒரே உத்தரவில் மாற்றினால் 55 லட்சம் ரூபாய் ஆகும். அவை அனைத்துக்கும் மூன்றாண்டுக் கட்டணம் செலுத்திக் காத்திருந்தால் 42 லட்சத்து 27 ஆயிரத்து 300 ரூபாய் ஆகும். அதன் முடிவில் புதிய பொறிகளும் வாங்கியாக வேண்டும். பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. மூன்றாம் பிரிவின் 35 பொறிகளுக்கு மாற்று வாங்க 17 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அவை வந்து சேரும் வரை ஓராண்டுக் கட்டணம் 1 லட்சத்து 92 ஆயிரத்து 150 ரூபாய். இரண்டாம் பிரிவின் 60 பொறிகளுக்கு வேகமான சேமிப்புத் தட்டும் நினைவகமும் பொருத்த, பொறிக்கு 4,000 ரூபாய் வீதம் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஆக மொத்தம் சுமார் 22 லட்சம் ரூபாய். இவை எடுத்துக்காட்டுக்கான எண்களே. ஒவ்வோர் அலுவலகத்திலும் விகிதம் மாறும். ஆனால் பிரித்துப் பார்க்கும் முறை மாறாது.

திறந்த மூல மென்பொருள்: வாய்ப்பும் எச்சரிக்கையும்

இரண்டாம் பிரிவின் பொறிகளுக்கு லினக்ஸ் வகை இயங்குதளம் ஏற்ற வழியாகும். அரசு அமைப்புக்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் இந்திய மொழிகளில் பணியாற்ற வசதி தருகிறது. கேரள மாநிலப் பள்ளிகள் பல ஆண்டுகளாகத் திறந்த மூல மென்பொருளைக் கொண்டே கணிப்பொறிக் கல்வியை நடத்திவருகின்றன. எனவே இது இயலாத காரியம் என்று கூறுவதற்கில்லை.

அதே சமயம், உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கருதிவிடக் கூடாது. ஜெர்மனியின் மூனிக் நகராட்சி 2004 முதல் முயன்று, 2013-க்குள் சுமார் 15,000 கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆயினும் 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. மாற்றம் தொழில்நுட்ப அளவில் நிறைவேறிய பின்னரும், பிற அலுவலகங்களுடன் ஆவணப் பரிமாற்றத்தில் எழுந்த சிக்கல்களும், பணியாளர் மனக்குறையும், நிர்வாகத் தலைமையின் மாற்றமும் அம்முடிவில் பங்கு கொண்டன. பயிற்சிக்கும் உடனிருந்து உதவும் ஏற்பாட்டுக்கும் பணமும் ஆட்களும் ஒதுக்காத மாற்றம் நிலைபெறாது என்பதே இதன் பாடம்.

பணி தடைப்படும் இடங்கள்

இயங்குதள மாற்றத்தில் பெரும்பாலும் இயங்குதளம் தொல்லை தருவதில்லை. அதனுடன் இணைந்தவையே தருகின்றன. மின்னணுக் கையொப்பச் சாவி, கைரேகைக் கருவி, பழைய ஸ்கேனர், புள்ளி அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய இயக்கி மென்பொருள் தேவை. அது புதிய தளத்துக்குக் கிடைக்காவிட்டால், பட்டியல் தயாராக இருந்தும் பணம் அனுமதிக்க இயலாத நிலை உண்டாகும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றபோது, அதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்த இணையதளங்களைப் பயன்படுத்தியோர் இத்தகைய தொல்லையை உணர்ந்தனர்.

மொழியும் இதில் ஒரு கூறு. இந்தியில் 'கிருதி தேவ்', தமிழில் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரான ஆவணங்கள் அலுவலகங்களில் ஏராளம். யூனிகோடு முறைக்கு மாற்றப்படாத அவ்வாவணங்கள், உரிய எழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பழைய விசைப்பலகை முறையில் பழகிய கைகளுக்கு அதே முறையைப் புதிய தளத்திலும் அமைத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால், மணிக்குப் பல பக்கம் தட்டெழுதும் அனுபவமிக்க ஊழியர் ஒரே நாளில் புதியவராகிவிடுவார்.

ஆகவே முதலில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு பொறியைத் தேர்ந்து சோதிக்க வேண்டும். மாத இறுதியில் சம்பளப் பட்டியலும், ஓய்வூதியக் கணக்கும், கொள்முதல் பணியும் ஒருமுறையேனும் முழுமையாக அதில் நடந்தேற வேண்டும். அதன் பின்னரே ஏனைய பொறிகளுக்குச் செல்லலாம். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய குறைபாடுள்ள திருத்தம் ஒன்று, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுக்கள் வழங்கப்பட்டன. மாறாமல் இருப்பதில் இடர் உள்ளதைப் போலவே, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதிலும் இடர் உண்டு. காப்பு நகல் எடுத்து, அந்நகலிலிருந்து கோப்புக்கள் உண்மையில் மீளக் கிடைக்கின்றனவா என்று பார்த்த பிறகே எந்தப் பொறியையும் தொட வேண்டும்.

நிதியாண்டும் நாட்காட்டியும்

இத்தகைய மாற்றங்கள் தாமதமாவதற்குப் பெரும்பாலும் பணமின்மை காரணமன்று. காலக் கணிப்பின்மையே காரணம். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான மதிப்பீடுகள் முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே தயாராகத் தொடங்குகின்றன. அப்போது கேட்கப்படாத தொகை, தேவை எழும்போது கிடைப்பதில்லை. இறுதிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும், மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் செலவிடலாகாது என்னும் நிதியமைச்சக வரம்பு, ஆண்டு முடிவில் அவசரமாக வாங்கிக் குவிக்கும் வழியையும் அடைத்துள்ளது.

ஆனால் இயங்குதளங்களின் முடிவு நாட்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்படுகின்றன. வெள்ளத்தையோ வறட்சியையோ போல அவை எதிர்பாராமல் வருவதில்லை. முன்கூட்டியே தெரிந்த செலவு எதிர்பாராச் செலவாக மாறுவது நிர்வாகத்தின் குறையே. இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு பொறிக்கும் எதிரே, வாங்கிய நாளுடன் இயங்குதளத்தின் ஆதரவு முடியும் நாளையும் எழுதி வைத்தால் இக்குறை பெருமளவு நீங்கும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு அல்லது ஆறில் ஒரு பங்கு பொறிகளை மாற்றும் வழக்கம் ஏற்பட்டால், ஒரே ஆண்டில் 110 பொறிகளுக்குப் பணம் தேட வேண்டிய நிலையும் வராது.

கழிவு செய்யப்படும் பொறிகளுக்கும் ஒரு முறை உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெருமளவில் பயன்படுத்தும் அலுவலகங்கள் அவற்றைப் பதிவுபெற்ற அமைப்புக்களிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் வன்தட்டில் உள்ள பதிவுகளை மீட்க இயலாதவாறு அழித்தல் இன்றியமையாதது. ஏலத்தில் போன பழைய பொறியோடு மக்களின் விவரங்களும் வெளியே போய்விடலாகாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி வகுத்துள்ளது என்பதும் கவனத்துக்குரியது.

முடிவாக

மாற்றுவதா, காத்திருப்பதா என்னும் வினாவுக்கு அலுவலகம் முழுமைக்குமாக ஒரே விடை இல்லை. தகுதியுள்ள பொறிகளை, சோதித்த பின் தாமதமின்றி மாற்ற வேண்டும். உலாவிப் பணி மட்டும் செய்பவற்றுக்குத் திறந்த மூல இயங்குதளத்தைப் பயிற்சியுடன் வழங்கலாம். விண்டோஸையே சார்ந்த பழைய பொறிகளுக்கு ஓராண்டு அவகாசம் வாங்கிக்கொண்டு, அதற்குள் மாற்று வாங்க வேண்டும். எந்த வழியிலும் அடங்காத பொறியை வலைப்பின்னலிலிருந்து துண்டிக்க வேண்டும். செலவில்லாத காப்புக்களை மட்டும் எதற்கும் காத்திராமல் உடனே செய்ய வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் உயிர்ச் சான்று அளிக்க வரும் முதிய ஓய்வூதியருக்கு, கவுண்ட்டருக்கு அப்பால் உள்ள திரையில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தம் விரலை வைத்ததும் சான்று பதிவாகும் என்றும், அடுத்த மாதம் ஓய்வூதியம் தவறாது வரும் என்றும் நம்பி அவர் வீடு திரும்புகிறார். அந்த நம்பிக்கையும் அலுவலகத்தின் சொத்துக்களுள் ஒன்று. இருப்புப் பதிவேட்டில் அதற்கு விலை குறிக்கப்படுவதில்லை. பொறிகளைப் பற்றி முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் நிர்வாகமே உண்மையில் சிக்கனமான நிர்வாகமாகும்.